உண்மையைச் சொல்லாதீங்க அப்பா

எங்கள் காலத்துத் தேனாம்பேட்டையில் ஓடிபி கிடையாது. ஆலையம்மன் கோயில் பக்கம் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒருவர் போதும். "யார் வீட்டுப் பிள்ளைடா நீ?" என்று ஆரம்பிப்பார். அப்பா பெயரோடு விடமாட்டார். தாத்தா யார், பூர்வீகம் எது, அம்மா எந்த ஊர்ப் பெண், எந்தப் பள்ளிக்கூடம், வாத்தியார் யார் என்று கேட்டு முடித்த பிறகுதான் வழிவிடுவார். அவர் தலையாட்டிவிட்டால் அண்ணாச்சி கடையில் கடனும் கிடைக்கும்.

இன்று, கடவுச்சொல்லை மறந்தவரை அடையாளம் காண, அதே மாதிரிக் கேள்விகளை இணையதளங்கள் கேட்கின்றன. பெரியவரிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். இவற்றிடம் சொல்லவே கூடாது.

இது என் மகள் போட்ட சட்டம். 'தாயார் பிறந்த ஊர்' என்ற கட்டத்தில் கும்பகோணம் என்று தட்டப் போனேன். "உண்மையைச் சொல்லாதீங்க அப்பா, அது ஊருக்கே தெரியும்" என்றாள்.

தெரியத்தான் செய்யும். கல்யாணப் பத்திரிகையில் இரு வீட்டுத் தாத்தா பாட்டி பெயர்களையும் பூர்வீகத்தையும் அச்சடித்து, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, வீடு வீடாகப் போய்க் கொடுத்தவர்கள் நாங்கள். பிறந்த தேதி, நேரம், ஊர் மூன்றும் ஜாதக நகலாகத் தரகர் பையில் கிடந்தன. அர்ச்சனைத் தட்டை நீட்டும்போது குடும்பத்தின் நட்சத்திரங்களைக் கூட்டத்துக்கு நடுவே உரக்கச் சொன்னோம். விட்டுப்போனதைக் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி சொல்லிவிடும்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 2008-இல் துணை அதிபர் வேட்பாளர் சாரா பேலினின் யாஹூ மின்னஞ்சலுக்குள் ஒரு கல்லூரி மாணவர் புகுந்தார். கணவரை எங்கே சந்தித்தீர்கள் என்பது கேள்வி. இருவரும் படித்த பள்ளிக்கூடம் என்பது ஊரறிந்த விடை. என் தலைமுறையைக் கேட்டால் பாதிப் பேருக்குப் பெண் பார்க்கப் போன வீட்டுக் கூடம்தான். சொஜ்ஜியும் பஜ்ஜியும் சாட்சி.

'பிடித்த உணவு' கேள்விக்கு ஆங்கிலம் பேசுபவர் தந்த விடையை முதல் ஊகத்திலேயே பிடித்துவிட 19.7 சதவீத வாய்ப்பு உண்டு என்று 2015-இல் கூகுள் ஆய்வு சொன்னது. விடை, பீட்சா. இங்கே நாயின் பெயரைக் கேட்டால் ஊகமே வேண்டாம். எங்கள் தெருவில் "மணி" என்று கூப்பிட்டால் மூன்று நாய் வாலாட்டும்.

பொய் சொல்லவும் சாமர்த்தியம் வேண்டும். பொய் விடை தந்ததாக அந்த ஆய்வில் ஒப்புக்கொண்டவர்களில் 37 சதவீதம் பேர், கண்டுபிடிக்க முடியாதபடி இருக்கட்டும் என்றுதான் அப்படிச் செய்தார்களாம். பலரும் ஏறக்குறைய ஒரே மாதிரிப் பொய்யைச் சொன்னதால் ஊகிப்பது இன்னும் சுலபமாகிவிட்டது. அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட், 2017-இல் வெளியிட்ட நெறிமுறையில் இத்தகைய கேள்விகளையே ஒதுக்கிவிட்டது. ஆனாலும் சில தளங்கள் விடுவதாக இல்லை.

அதனால் வீட்டில் இப்போது விதி இதுதான்: பதிலுக்கும் கேள்விக்கும் ஒட்டோ உறவோ இருக்கக் கூடாது. ஒரு தளத்தில் சொன்ன பொய்யை இன்னொன்றில் சொல்லக் கூடாது. நினைவை நம்பாமல், கடவுச்சொற்களைப் பூட்டி வைக்கும் செயலியிலேயே பொய்களையும் எழுதி வைக்க வேண்டும்.

'உண்மையே பேசு' என்று நூறு தடவை எழுத வைத்த தமிழய்யாதான் எனக்குப் பிடித்த ஆசிரியர். அந்தக் கேள்விக்கான கட்டத்தில் இப்போது 'தகரம் 47 தவலை முருங்கை' என்று இருக்கிறது. யாரும் முயன்று பார்க்க வேண்டாம், இதுவும் பொய்தான்.