பாக்கிச் சில்லறை

அந்தக் காலத்தில் பஸ் பயணியின் உரிமைப் பத்திரம் டிக்கெட்டின் முதுகில் இருந்தது. பத்து ரூபாயை நீட்டினால் கண்டக்டர் தோல்பையை ஒரு குலுக்குக் குலுக்கிக் காட்டிவிட்டு, டிக்கெட்டைத் திருப்பி '3.50' என்று கிறுக்கி வட்டம் போடுவார். "இறங்கறப்ப வாங்கிக்குங்க." அதோடு தூக்கம் போச்சு. டிக்கெட்டைச் சட்டைப்பையில் வைத்தால் வியர்வையில் மை கரையும், கையில் வைத்தால் ஜன்னல் காற்று பிடுங்கிக்கொள்ளும். பாதிப் பேர் மறந்து இறங்கிவிடுவார்கள். மறக்காதவர் படியில் நின்று கேட்கும்போது கண்டக்டர் விசிலை வாயில் வைத்திருப்பார். "பெரியவரு நிக்கிறாருல்ல, குடுத்துட்டு விசிலடிய்யா!" என்று பின்சீட்டிலிருந்து ஒரு குரல் வரும். அதுதான் தீர்ப்பு, மேல்முறையீடு கிடையாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986-லேயே வந்துவிட்டது, எங்கள் பஸ்ஸில் அது ஏறிப் பார்த்ததில்லை.

இப்போது சில்லறைத் தகராறே இல்லை. முழுப் பணமும் முன்கூட்டியே போய்விடுகிறது. ஒரு பொங்கலுக்கு ஊருக்குப் போக நானே ஆப்பில் தேடி, நானே சீட்டு பிடித்து, அந்த உழைப்புக்கு நானே வசதிக் கட்டணமும் கட்டினேன். கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தில் மூட்டையோடு நிற்கும்போது பஸ் ரத்து என்று குறுஞ்செய்தி. பஸ்காரரைக் கூப்பிட்டால், "ஆப்ல கேளுங்க சார்." ஆப்பில் கேட்டால், "நாங்கள் இடைத்தரகர் மட்டுமே, பஸ் நிறுவனத்தை அணுகவும்." பின்சீட்டில் குரல் கொடுக்க ஆளில்லை. இருந்தவர்களும் அவரவர் போனில் அவரவர் பஸ்ஸைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

ஆகாயத்தில் மட்டும் என்ன வாழ்கிறது? சென்னை–மதுரை மாதிரிக் குட்டிப் பயணத்தில் விமானம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் சாப்பாடு தரவேண்டும், ஆறு மணி நேரத்தைத் தாண்டுமென்றால் மாற்று விமானமோ முழுப்பணமோ தரவேண்டும் என்கிறது விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏவின் விதி. ஒலிபெருக்கி மன்னிப்பு மட்டும் கேட்கும், இதைச் சொல்லாது. ஒருமுறை, வேட்டி கட்டிய ஒருவர் விதியைப் போனில் திறந்து கவுண்டர் பெண்ணிடம் காட்டினார். அவள் சிரித்தபடி இழுப்பறையைத் திறந்து கூப்பன் கட்டை எடுத்தாள். கட்டு ரப்பர் பேண்டு போட்டுத் தயாராகவே இருந்தது. அரை நிமிடத்தில் அவர் பின்னால் நீண்ட வரிசை. முதல் ஆளாகப் பாய்ந்தவர், அதுவரை "இதெல்லாம் கேட்டா தருவாங்களா" என்று நக்கலடித்தவர்.

பஸ் விஷயத்துக்கு வருகிறேன். 2020-இன் மின்வணிக விதிகளின்படி, ஆப்காரர்கள் குறைதீர் அலுவலர் ஒருவரை வைத்திருக்க வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் அவர் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ரத்துச் செய்தியையும் ஏறுமிடம் போட்ட டிக்கெட்டையும் படம்பிடித்து வைத்திருந்தேன். இரண்டையும் இணைத்து அவருக்கு எழுதினேன், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிந்தேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நான் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமில்லை, என்பதையும் கடிதத்தின் அடியில் மரியாதையாகச் சேர்த்தேன். அதுவரை "தங்கள் பொறுமைக்கு நன்றி" என்றே பதில் போட்டுக்கொண்டிருந்தவர்கள் அதற்குப் பிறகு சுறுசுறுப்பானார்கள்.

பணம் வந்தது, வசதிக் கட்டணம் நீங்கலாக.