நவாப் வேஷம் யாருக்கு?

கோட்டக்குப்பத்தில் எங்கள் மொட்டை மாடியில் ஐந்து பேர் கூடி ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட ஆரம்பித்து மூன்று சனிக்கிழமை ஆயிற்று. இன்னும் ஒரு பூதம்கூடச் சாகவில்லை. முதல் வாரம், யாருக்கு என்ன வேஷம் என்று தகராறு. இரண்டாவது வாரம், பகடை பாய்க்கு வெளியே உருண்டால் கணக்கில் உண்டா இல்லையா என்று தகராறு. மூன்றாவது வாரம், முந்தின இரண்டு வாரமும் என்ன முடிவெடுத்தோம் என்பதிலேயே தகராறு.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு: ஆளுக்கொரு வேஷம், நடுவில் கதை நடத்தும் வாத்தியார் ஒருவர், இருபது முகமுள்ள பகடை ஒன்று. மந்திரவாதியோ வாள்வீரனோ திருடனோ ஆகி, இல்லாத ஊரில் இல்லாத அரக்கனோடு மோத வேண்டும். 1974இல் அமெரிக்காவில் அச்சான விதிப்புத்தகம் உண்டு. அதை அப்படியே மதித்து ஆடும் ஆட்களை நான் பார்த்ததில்லை. அவரவர் மாடிக்கு அவரவர் ‘ஹவுஸ் ரூல்’.

எங்களில் ஒருவன், மாமி மகன், ஆகையால் பெயர் வேண்டாம், ஒரே பிடியாக நின்றான். “பகல்ல நான் வியாபாரி. பொழுது சாஞ்சா ராஜா. ரெண்டு பேரோட பலமும் எனக்கு வேணும். அடி விழுந்தா மட்டும் நான் வெறும் வியாபாரி.”

வாத்தியார் கொதித்துப்போனான். “எந்த ஊர்லடா இப்படி ஒருத்தன் ஆடியிருக்கான்?”

நான் தெற்கே கை காட்டினேன். முத்தியால்பேட்டை விளக்குகள். அதற்கும் அந்தப் பக்கம் பாண்டிச்சேரி.

ஜோசப் பிரான்சுவா டூப்ளே 1742இல் அங்கே கவர்னராக வந்தபோது அவருக்குக் கொடுத்திருந்த வேஷம் ரொம்பச் சாதாரணமானது: பிரெஞ்சுக் கம்பெனியின் வியாபாரத்தைக் கவனித்துக்கொள், துணி வாங்கு, கப்பலில் ஏற்று, கணக்கு எழுது. மனிதருக்கு அது போதவில்லை. 1746இல் இங்கிலீஷ்காரனிடமிருந்து சென்னைப்பட்டணம் பிடிபட்டதும் முதல் விதிமீறல். பட்டணத்தைப் பிடித்த கடற்படைத் தலைவர் லா பூர்தொனே, பதினொரு லட்சம் வராகன் கொடுத்தால் திருப்பித் தருகிறேன் என்று இங்கிலீஷ்காரனுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அதே பட்டணத்தை உமக்கே தருகிறேன் என்று ஆற்காட்டு நவாப் அன்வருத்தீனுக்கு டூப்ளே வாக்குக் கொடுத்திருந்தார். ஒரு வீட்டை இரண்டு பேருக்கு ஒத்திக்கு விட்ட கதை. கடைசியில் இரண்டு பேருக்கும் இல்லை என்றார் டூப்ளே. நவாபின் பெரும்படை கோபத்தோடு புறப்பட்டு வந்து, அடையாற்றங்கரையில் சில நூறு துப்பாக்கிகளிடம் தோற்று ஓடியது.

இந்தக் களேபரத்தில் ராபர்ட் கிளைவ் என்ற குமாஸ்தா, நம்மூர் உடுப்பை மாட்டிக்கொண்டு சென்னையிலிருந்து தப்பிக் கடலூர் பக்கம் வந்து சேர்ந்தார். வந்த வேஷம் குமாஸ்தா. பிறகு அதைப் படைத்தலைவனாக மாற்றிக்கொண்டார். எங்கள் வாத்தியார் இதற்கும் அனுமதி தரமாட்டான்.

1748இல் ஐரோப்பாவில் சமாதானம் கையெழுத்தானது. இனி இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் அடித்துக்கொள்ளக் கூடாது. சென்னையும் திரும்பப் போயிற்று. ஆனால் இரண்டு கம்பெனியிடமும் சிப்பாய் இருக்கிறது, பீரங்கி இருக்கிறது, கை அரிக்கிறது. அங்கேதான் இந்தியச் சரித்திரத்தின் மகத்தான ஹவுஸ் ரூல் பிறந்தது: நாங்கள் சண்டை போடவில்லை, எங்கள் நவாப் சண்டை போடுகிறார், நாங்கள் பக்கத்தில் நின்று ஒத்தாசை செய்கிறோம், அவ்வளவே.

நவாப் வேஷத்துக்கு ஆளுக்கா பஞ்சம்? மராட்டியர் சிறையிலிருந்து வெளியே வந்த சந்தா சாகிபை டூப்ளே எடுத்துக்கொண்டார். கூடவே நிஜாம் வேஷத்துக்கு முஸாபர் ஜங். 1749 ஆகஸ்டில் ஆம்பூரில் அன்வருத்தீன் மாண்டார். அவர் மகன் முகம்மது அலி திருச்சிக்கு ஓடி ஒளிய, அவரை இங்கிலீஷ்காரன் எடுத்துக்கொண்டான். நிஜாம் வேஷத்தில் ஏற்கெனவே இருந்த நாசிர் ஜங், இவர்களை அடக்கப் பெரும்படையோடு எங்கள் சீமைக்கே இறங்கி வந்தார்.

நடுவில் செஞ்சி. ஔரங்கசீப்பின் தளபதிகள் ஏழெட்டு வருஷம் அடிவாரத்தில் காத்துக் கிடந்த கோட்டை அது. 1750இல் புஸ்ஸி என்ற பிரெஞ்சு அதிகாரி ஒரே ராத்திரியில் ஏறிப் பிடித்துவிட்டார். பகடையில் இருபது விழுவது என்றால் இதுதான். விழுந்ததை நம்பாமல் மறுபடி உருட்டச் சொல்லும் ஆள் எங்கள் குழுவிலும் உண்டு.

அந்த டிசம்பரில் நாசிர் ஜங்கை அவர் கூட வந்த கடப்பை நவாபே சுட்டுக் கொன்றார். முஸாபர் ஜங் நிஜாமாகிப் பாண்டிச்சேரிக்கு வந்தார். பட்டாபிஷேகமும் கொள்ளைப் பங்கீடும் ஒன்றாக நடந்தன. கடப்பை நவாப் உள்பட, காட்டிக்கொடுத்த பட்டாணிய நவாபுகள் கஜானாவில் பாதி கேட்டார்கள், கப்பப் பாக்கியைத் தள்ளச் சொன்னார்கள். டூப்ளே மத்தியஸ்தம் பேசி எல்லாரையும் சிரிக்கவைத்து அனுப்பினார். இரண்டு மாதத்தில், ஹைதராபாத் போகும் வழியில், அதே நவாபுகள் முஸாபர் ஜங்கைத் தீர்த்துவிட்டார்கள். பங்கு பேசும்போது ரொம்பச் சிரிப்பவனை நம்பக் கூடாது என்று என் வாப்பா சொல்வார். அவர் சொன்னது மீன் ஏலத்தைப் பற்றி.

ஆனால் அந்த டிசம்பர் நாள் டூப்ளேயின் நாள். தலைப்பாகை, அங்கி, இடைக்கச்சை, வாள் எல்லாம் முஸாபர் ஜங் கொடுக்க, துணி வியாபாரக் கம்பெனியின் கவர்னர் மொகலாயப் பிரபுவாக நின்றார். கிருஷ்ணா நதிக்குத் தெற்கே எல்லாம் அவர் அதிகாரம். ஏழாயிரம் குதிரைக்கு மன்சப். மன்சப் என்பது கிட்டத்தட்ட எங்கள் ஆட்டத்து ‘லெவல்’ மாதிரிதான். காகிதத்தில் ஏழாயிரம் என்றால் லாயத்தில் அத்தனை இருக்க வேண்டும் என்று சட்டமில்லை. போதாததற்கு மாஹி மராதிப், அதாவது ஊர்வலத்தில் முன்னால் மீன் சின்னம் பிடித்துப் போகும் உரிமை. பாதுஷா பெயரால் தரும் பெரிய கௌரவம். எங்கள் குப்பத்தில் விடிந்தால் பத்துப் பேர் தலையில் மீனோடுதான் போகிறார்கள். ஒருவரையும் பேரரசன் என்று யாரும் அழைத்ததில்லை.

வீட்டம்மா சும்மா இருப்பாரா? ழான் பாண்டிச்சேரியிலேயே பிறந்தவர், தமிழ் பேசுவார். ‘ழான் பேகம்’ என்ற வேஷத்தில் நவாபுகளுக்கும் பேகம்களுக்கும் தாமே கடிதம் எழுதினார். கணவருக்கு அது பெருமை. கவர்னருக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளைக்கு அது வயிற்றெரிச்சல். கவர்னரின் காதுக்குப் போகும் வழியில் அந்தம்மாள் உட்கார்ந்திருந்தார்.

பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை. எந்தக் குழுவிலும் ஒருத்தன் ஆடுவதைவிட நோட்டில் குறிப்பதில் குறியாக இருப்பான் அல்லவா, அவர்தான் அது. 1736இலிருந்து தமிழில் நாட்குறிப்பு: தேதி, கிழமை, நேரம், யார் என்ன சொன்னார், அதை யார் மறுத்தார், கப்பல் வந்ததா, தனக்கு உரிய மரியாதை கிடைத்ததா. கூத்தில் கட்டியங்காரன் ராஜாவின் பக்கத்திலேயே நின்றுகொண்டு ராஜாவைப் பற்றி நம்மிடம் பேசுவது போல. அவருக்கும் மூவாயிரம் குதிரை மன்சப் கிடைத்தது. கட்டியங்காரனும் மனிதன்தானே.

ஏழாயிரம் குதிரைக்காரர் அடுத்துச் செய்தது, நாசிர் ஜங் விழுந்த இடத்தில் தம் பெயரில் ஒரு ஊர் எழுப்பத் தொடங்கியது: டூப்ளே பத்தேகாபாத். கடலூர்ப் பக்கம் அறுவடை நேரத்தில் வயலுக்கு வயல் பிரெஞ்சுக்காரனின் வெள்ளைக் கொடி முளைத்தது. இது எங்களுடையது என்று அடையாளமாம். நாற்று நட்டவனிடம் ஒருவரும் கேட்கவில்லை. அவன் கையில் பகடையே இல்லையே.

பிறகு சறுக்கல். 1751இல் கிளைவ் ஆற்காட்டைப் பிடித்து ஐம்பது நாள் முற்றுகையைத் தாங்கினார். அடுத்த வருஷம் வழியில் நின்று டூப்ளேயின் புது ஊரை இடித்துவிட்டுப் போனார். திருச்சியில் முகம்மது அலி, உதவிக்கு வந்தால் திருச்சியையே தருகிறேன் என்று மைசூர்க்காரர்களுக்கு வாக்குக் கொடுத்து, வேலை முடிந்ததும் கையை விரித்தார். ஸ்ரீரங்கத்தில் பிரெஞ்சுப் படை சரணடைந்தது. தஞ்சைத் தளபதியை நம்பிப் போன சந்தா சாகிபின் தலை போயிற்று. கவனித்துப் பாருங்கள்: அன்வருத்தீன், நாசிர் ஜங், முஸாபர் ஜங், சந்தா சாகிப். செத்ததெல்லாம் வேஷம் கட்டிவிடப்பட்டவர்களும் அவர்களுக்கு எதிரே நின்றவர்களும். கட்டிவிட்டவர்கள் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

1754 ஜனவரியில் இரண்டு கம்பெனியும் விதி பேச உட்கார்ந்தன. பொதுவான இடம் வேண்டும் என்று டச்சுக்காரன் ஊரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஊர் பெயர் சதுரங்கப்பட்டினம். நான் ஜோடிக்கவில்லை, கல்பாக்கத்துக்குப் பக்கத்தில் இன்றும் இருக்கிறது. கேள்வி ஒன்றே ஒன்று: யார் நவாப்? பிரெஞ்சுக்காரர்கள் சன்னதுகளை, அதாவது பதவிப் பத்திரங்களை, எடுத்து வைத்தார்கள். இங்கிலீஷ்காரர்கள் முத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது சரியில்லையே என்றார்கள். சரி, உங்கள் காகிதம் எங்கே? அது திருச்சியில் இருக்கிறது. ‘என் வேஷத்தின் கேரக்டர் ஷீட்டை வீட்டில் மறந்து வைத்துவிட்டேன்’ என்பதை இதைவிட கம்பீரமாக யாரும் சொன்னதில்லை. பேச்சு முறிந்தது.

பாரீஸில் கம்பெனி முதலாளிகளுக்கு லாபக் கணக்கைக் காணோமே என்ற கவலை. ஆகஸ்டில் கொத்தெயூ என்பவர் உத்தரவோடு வந்து இறங்கினார். அக்டோபரில் டூப்ளே கப்பலேறினார். கம்பெனிக்காகச் சொந்தப் பணம் போட்டேன், திருப்பிக் கொடு என்று வழக்காடியே 1763இல் செத்தார். பிள்ளை 1761 ஜனவரியில் கண்ணை மூடினார். நாலு நாளில் பாண்டிச்சேரி இங்கிலீஷ்காரன் கையில் விழுந்தது, பிறகு தரைமட்டமானது. டூப்ளேக்குக் கடற்கரைச் சாலையில் சிலை இருக்கிறது. போட்டோ எடுப்பவர்களில் பாதிப் பேர் அதை காந்தி சிலை என்று நினைத்துத்தான் வண்டியை நிறுத்துகிறார்கள்.

டூப்ளேயை அனுப்பிவிட்டு கொத்தெயூ இங்கிலீஷ்காரனோடு போட்ட உடன்படிக்கையின் முதல் விதி எனக்கு ரொம்பப் பிடித்தது. இரண்டு கம்பெனியும் இனி என்றென்றைக்கும் மொகலாயப் பட்டம், பதவி எதையும் ஏற்காது. இந்த நாட்டு அரசர்களின் சண்டையில் தலையிடாது. அதாவது, நவாப் வேஷம் யாருக்கும் கிடையாது. இதற்குக் கையெழுத்தானபோது புஸ்ஸி படையோடு ஹைதராபாத்தின் புது நிஜாம் பக்கம் உட்கார்ந்திருந்தார். அவரை எழுந்திருக்கச் சொல்லி ஒரு வரியும் அதில் இல்லை.

இந்தக் கடைசித் தகவலை நான் மாடியில் சொல்லவில்லை. முன்பகுதியோடு நிறுத்திக்கொண்டேன். வாத்தியாருக்கு ஒரே சந்தோஷம். நோட்டை எடுத்து முதல் பக்கத்தில், ‘விதி 1: நவாப் வேஷம் யாருக்கும் கிடையாது’ என்று எழுதி ஐந்து பேரிடமும் கையெழுத்துக்கு நீட்டினான். மாமி மகன் பேனாவை வாங்கி, இரண்டு முறை படித்துப் பார்த்து, தலையைத் தூக்கினான்.

“மச்சான், நிஜாம் வேஷம்?”