செய்திகள் முடிந்தன, முட்டை வரவில்லை

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டரை மணிக்குத்தான் எங்கள் வீட்டுக்கு உலக ஞாபகம் வரும். அதுவரை உலகம் பாட்டுக்கு அது ஒரு பக்கம் சுற்றிக்கொண்டிருக்கும், நாங்கள் பாட்டுக்கு இன்னொரு பக்கம் இருப்போம். நான் களியை உருட்டிக் குழம்பில் தோய்த்து வாயில் போடும் நேரம் பார்த்து மகள் கேட்பாள்: “அப்பா, நாளைக்குப் பிரேயர்ல நான்தான் செய்தி வாசிக்கணும். இந்த வாரம் என்னப்பா நடந்துச்சு?”

களியை மெல்லக் கூடாது, விழுங்க வேண்டும். தர்மபுரி மாவட்டத்தில் பிறந்தவனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் கேள்வி வந்த வேகத்தில் நான் மென்றுவிட்டேன். தொண்டையில் களி, எதிரில் மகள், இரண்டுக்கும் நடுவில் இந்த வார உலகம்.

உண்மையில் அவளுக்கு என் உதவி தேவையே இல்லை. வாட்ஸ்அப்பில் ‘காலை வழிபாட்டுச் செயல்பாடுகள்’ என்று ஒன்று தினமும் வந்துவிடுகிறது. திருக்குறள், பழமொழி, பொன்மொழி, பொது அறிவு, நீதிக்கதை, ஆரோக்கியக் குறிப்பு, இன்றைய செய்திகள் என்று முழுச்சாப்பாடு மாதிரி வரிசையாக இருக்கும். யாரோ ஒரு புண்ணியவான் ராத்திரி கண்விழித்துத் தயாரிக்கிறார். மறுநாள் காலையில் ஓசூரில் ஒரு பையன் சீரகத் தண்ணீரின் நன்மையைப் படிக்கிற அதே நிமிஷத்தில் நாகர்கோவிலிலும் ஒரு பையன் சீரகத் தண்ணீரின் நன்மையைப் படிக்கிறான். இதற்கு மேல் ஒற்றுமையை எந்தக் கட்சியும் கொண்டுவர முடியாது.

ஆனால் மகளுக்கு நான் சொல்லித்தான் ஆக வேண்டும். காரணம், நான் பழைய செய்தி வாசிப்பாளன் என்று ஒருமுறை வீட்டில் உளறிவிட்டேன். எப்படி வாசித்தேன் என்பதை மட்டும் சொல்லவில்லை.

1989. நான் ஆறாவது. மாரண்டஹள்ளியில் டீக்கடைக்கு வரும் தினத்தந்திதான் எங்கள் பள்ளிக்கு உலகம். கடைக்காரர் ஏழரை மணிவரை பேப்பரை விடமாட்டார். பெரியவர்கள் படித்து, சண்டை போட்டு, சமாதானமாகி முடிக்க வேண்டும். அதற்குப் பிறகு எந்தப் பக்கம் மிச்சமிருக்கிறதோ அதுதான் செய்தி. ஆனால் என் குரல் என்னவோ டெல்லிக் குரல். காலை வானொலியில் சரோஜ் நாராயணசுவாமி செய்தி வாசிப்பதை வாயைப் பிளந்துகொண்டு கேட்டு வளர்ந்தவன் நான். அந்த நிறுத்தம், அந்த நிமிர்வு. என் செய்தியில் விஷயம் இருக்காதே தவிர, நிறுத்தமும் நிமிர்வும் குறையவே குறையாது.

அன்றைக்குக் கையில் கிடைத்த தாளில் பாதியைப் போண்டா எண்ணெய் குடித்திருந்தது. எங்கேயோ நடந்த ஒரு திருட்டுக் கேஸை முழு மூச்சில் வாசித்தேன்: “...போலீசார் விரைந்து சென்று, தொடர்ச்சி ஏழாம் பக்கம்.” கூட்டம் அமைதியாக இருந்தது. அறுநூறு பேரும் ஏழாம் பக்கத்துக்காகக் காத்திருந்தார்கள். ஏழாம் பக்கம் யார் வீட்டு வடையைச் சுற்றிப் போயிருந்ததோ. தமிழய்யா என்னை ஓரக்கண்ணால் பார்த்தார். ஏதாவது சொல்லி முடித்தாக வேண்டுமே என்று, வாயில் வந்ததைச் சொன்னேன்:

“இன்று மதியம் முட்டை உண்டு. இத்துடன் செய்திகள் முடிவடைந்தன.”

மைதானம் அதிர்ந்தது. தேசத்தலைவர்கள் வந்திருந்தால்கூட அப்படிக் கைதட்டியிருக்க மாட்டார்கள்.

இப்போதைய பிள்ளைகளுக்கு இது புரியாது. எம்.ஜி.ஆர். 1982-இல் சத்துணவைத் தொடங்கினார். 1984-இல் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கும் வந்தது. முட்டை மட்டும் 1989-இல்தான் தட்டில் வந்து உட்கார்ந்தது, அதுவும் 15 நாளுக்கு ஒன்று. இன்று வாரம் ஐந்து நாளும் முட்டை. மகள் மஞ்சள் கருவை ஓரமாக ஒதுக்கி வைக்கிறாள். நாங்கள் அந்த ஒற்றை முட்டைக்குப் பஞ்சாங்கம் பார்த்தவர்கள். காய்ச்சல் வந்தால்கூட முட்டைக்கு முந்தின நாளே குணமாகிவிடும்.

ஆனால் அன்றைக்கு முட்டை கிடையாது. அடுத்த வாரம்தான். நான் தேதியைத் தப்பாக எண்ணியிருந்தேன். மதியம் வெறும் சாம்பார் சாதத்தைப் பார்த்துவிட்டு அறுநூறு பேரும் செய்தியாளரைத் தேடினார்கள். சத்துணவு ஆயாதான் என்னைச் சமையல் கூடத்துக்குள் இழுத்து அரிசி மூட்டைக்குப் பின்னால் உட்கார வைத்துக் காப்பாற்றியது. “ஏன்டா சாமி, உனக்கு எவன்டா சொன்னது?” என்று கேட்டது. நம்பத்தகுந்த வட்டாரம் என்றெல்லாம் சொல்லத் தெரியாத வயசு. அழுதேன்.

அந்தக் காலத்தில் மாணவர் நலம் என்று தனியாக ஒன்று கிடையாது. திங்கட்கிழமை நகம், தலை, பல் பார்ப்பார்கள். அவ்வளவுதான் நலம். நகம் நீளமாக இருந்தால் ஸ்கேலில் ஒரு தட்டு. தலையில் எண்ணெய் இல்லாவிட்டால் வீட்டுக்கு. பல் மஞ்சளாக இருந்தால் கொடிக்கம்பத்துக்கு அந்தப் பக்கம் தனி வரிசை.

அந்தப் பல் வரிசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த வருஷம் புதிதாக வந்த சார் ஒருவர் காவிரிக் கரைக்காரர், சுத்தத்தில் கெட்டி. முதல் திங்கட்கிழமை “பல் விளக்காதவன்லாம் இந்தப் பக்கம்” என்று பிரிக்க ஆரம்பித்தார். ஒவ்வொருவனும் வாயைத் திறக்கத் திறக்க அந்தப் பக்கம் நீண்டுகொண்டே போனது. கடைசியில் பல் விளக்கியவர்கள் வரிசையில் நான்கு பேர். மூன்று பேர் வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த அதிகாரிகளின் பிள்ளைகள், ஒருவனுக்கு முன்பல் இன்னும் முளைக்கவில்லை. சார் திகைத்துப்போய் நின்றார். நாங்கள் வேப்பங்குச்சி, அடுப்புக்கரி, செங்கல்பொடி எல்லாம் போட்டு ஈறு கிழியத் தேய்த்துவிட்டு வந்தவர்கள். மணி அடிக்கிற தாத்தா மெதுவாக அவரிடம் போய்ச் சொன்னார்: “சார், அது அழுக்கு இல்லைங்க. தண்ணி.”

தண்ணீர்தான். எங்கள் மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் தாண்டக் கூடாது என்று கணக்கு இருக்கிறது. எங்கள் போர்வெல்லுக்கு அந்தக் கணக்கு தெரியாது. பல் முளைக்கும் வயசில் அந்தத் தண்ணீரைக் குடித்தால் பல்லில் பழுப்புக் கோடு விழும், அதற்கப்புறம் பிரம்மாவே வந்து தேய்த்தாலும் போகாது. 2008-இல் அடிக்கல் நாட்டி 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்த பிறகு பிறந்த பிள்ளைகளின் சிரிப்பு வேறு மாதிரி இருக்கிறது. எங்கள் தலைமுறை போட்டோவுக்கு இன்னும் வாயை மூடிக்கொண்டுதான் சிரிக்கும். எங்களை அடக்கமானவர்கள் என்று வெளியூரில் நினைத்துக்கொள்கிறார்கள்.

அந்த சார் மறுவாரத்திலிருந்து பல் பார்ப்பதை விட்டுவிட்டார். நகத்தில் இரட்டிப்பாகக் கவனம் செலுத்தினார்.

இப்போது நலம் பெருகிவிட்டது. வாரத்துக்கு ஒரு நாள் நீலநிற இரும்புச்சத்து மாத்திரை. வருஷத்துக்கு இரண்டு தடவை குடற்புழு மாத்திரை, அதைச் சப்பித்தான் சாப்பிட வேண்டும். இரும்பு மாத்திரை போட்டால் வெளிக்குக் கறுப்பாகப் போகும் என்று ஆசிரியர் முன்கூட்டியே சொல்லியும், முதல் வாரம் பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் தனக்குக் கடைசிக் காலம் வந்துவிட்டதென்று பாட்டியைக் கட்டிக்கொண்டு அழுதான். பாட்டி விபூதி பூசினாள். மறுநாள் சரியாகிவிட்டது, விபூதிக்குப் பேர்.

அப்புறம் ‘மகிழ் முற்றம்’. பிள்ளைகளைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து குழுவாகப் பிரித்திருக்கிறார்கள். என் மகள் நெய்தல். இந்தப் பக்கம் பஞ்சப்பள்ளி அணையைத் தவிர வேறு கடல் அவள் பார்த்ததில்லை. “பரவாயில்லம்மா, பாலையில விழாம இருந்தியே” என்றேன். “பாலைதான்பா கோ-கோவுல ஃபர்ஸ்ட்” என்றாள். ஓடித்தானே ஆகணும், தண்ணீர் இல்லாத இடத்தில்.

2025 ஜூலையில் வகுப்பறையில் பெஞ்சுகளை ‘ப’ வடிவத்தில் போடச் சொல்லி ஒரு யோசனை வந்தது. மலையாளப் படம் ஒன்றைப் பார்த்து வந்த யோசனையாம். கடைசி பெஞ்சே இருக்காது, எல்லோரும் முதல் பெஞ்சு. கடைசி பெஞ்சின் பூர்வகுடி என்ற முறையில் எனக்கு வயிறு கலங்கியது. நாட்டில் எத்தனையோ பேர் அங்கே தூங்கித்தான் முன்னுக்கு வந்திருக்கிறோம். ‘ப’வில் உட்கார்ந்தால் ஓரத்துப் பிள்ளைகளின் கழுத்து ‘ட’ ஆகிவிடும் என்று ஆளுக்கு ஆள் பேசினார்கள், பிறகு அது கட்டாயமில்லை என்றார்கள். நான் நிம்மதியாக மூச்சுவிட்டேன். ஏன் என்று எனக்கே தெரியவில்லை, நான் படித்து முடித்து முப்பது வருஷம் ஆகிறது.

செய்திக்கு வருகிறேன். மகள் வாசித்ததில் ஒரே ஒரு தடவைதான் பள்ளி காது கொடுத்தது என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். 2023 ஜூலை, அவள் ஆறாவது. நாடு முழுக்கத் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டி ஓடிய மாதம். பாலக்கோடு மண்டியில் விலை என்ன என்பதை நான் எழுதிக் கொடுத்தேன், அவள் வாசித்தாள். தோட்டம் வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளைகள் முகத்தில் தீபாவளி. மற்றவர்கள் முகத்தில் ரசம் இல்லாத சோறு. ஆசிரியர்கள் இருவர் விலையைக் கையிலேயே எழுதிக்கொண்டார்களாம். மறுநாள் ஏழெட்டுப் பிள்ளைகள் வரவில்லை, பறிக்கப் போய்விட்டார்கள். விலை விழுந்து, தக்காளியைச் சாலையோரம் கொட்டுகிற மாதங்களில் வருகைப் பதிவேடு நிறைந்து இருக்கும். எங்கள் ஊரில் படிப்பு வளர வேண்டுமானால் தக்காளி விழ வேண்டும்.

நலம் பற்றி நான் பயந்துபோனது ‘மாணவர் மனசு’ பெட்டியால். அரசுப் பள்ளிகளில் வைத்திருக்கிறார்கள். பேர் போடாமல் குறையை எழுதிப் போடலாம். கூடவே 14417, 1098 என்று உதவி எண்கள். என் செல்போன் எண்ணைக் கேட்டால் மகள் கடைசி நாலு இலக்கத்தில் தடுமாறுவாள். 1098 தூக்கத்திலும் வரும். களி இன்னொரு உருண்டை வைத்துக்கொள் என்றாலே “பத்து ஒம்போது எட்டு” என்று ஆரம்பிக்கிறாள்.

ஒரு புதன்கிழமை ராத்திரி நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தவள், தலையைத் தூக்காமலே கேட்டாள்: “அப்பா, ‘வெறுப்பு’க்கு எந்த ‘ற’?”

“வல்லின ‘ற’ம்மா.”

கொஞ்ச நேரம் கழித்து: “‘பயம்’னு போட்டா ஒத்தையா, ‘பயமாக’ன்னு போடணுமா?”

அதற்கப்புறம்: “‘தாழ்ப்பாள்’ல எந்த ‘ள்’?”

மூன்று சொல். நான் கலங்கிவிட்டேன். வெறுப்பு, பயம், தாழ்ப்பாள். யாரோ என் பெண்ணை எங்கேயோ பூட்டி வைக்கிறார்கள் என்று முடிவு கட்டி, ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. மனைவியை எழுப்பினேன். “ஏங்க, காலைல அவளையே கேட்டா ஆச்சு” என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள். இரண்டு மணிக்கு எழுந்து நோட்டைத் தேடினேன். தாளைக் கிழித்து எடுத்திருந்தாள். அடியில் இருந்த தாளை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, பேனா அழுந்திய தடத்தைத் துப்பறிவாளன் மாதிரி தடவித் தடவிப் படித்தேன். பேர் போடாத கடிதத்தைத் திருட்டுத்தனமாகப் படிக்கக் கூடாது என்பது எனக்கும் தெரியும். அப்பனுக்கு இரண்டு மணிக்கு நியாயம் தெரியாது.

“11 மணிக்கும் 1 மணிக்கும் 3 மணிக்கும் தண்ணீர் மணி அடிக்கிறீர்கள். நாங்கள் குடிக்கிறோம். ஆனால் எங்கள் பக்கத்துக் கழிவறையில் கடைசிக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் ஒருத்தி வெளியே பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பிடித்தவள் விட்டுவிட்டு ஓடிவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது. அதனால் தண்ணீரே வெறுப்பாக இருக்கிறது.”

இந்தத் தண்ணீர் மணியைக் கேரளத்தில் 2019-இலேயே அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். நமக்கு 2025-இல் வந்தது. பிள்ளைகள் தண்ணீர் குடிக்காமல் வாடுகிறார்கள் என்று கண்டுபிடித்தவர்களைக் கும்பிட வேண்டும். ஏன் குடிப்பதில்லை என்பதை மட்டும் எட்டாம் வகுப்புப் பெண் எழுத வேண்டியிருந்தது.

நான் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. பெட்டி தன் வேலையைச் செய்தது. அந்த மாதப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தலைவியாக இருக்கும் அக்கா, “யாராவது ஒரு அப்பா ஹார்டுவேர் கடைக்குப் போயிட்டு வாங்க” என்றார். எனக்கு முன்னால் ஒருவரும் எழுந்திருக்க முடியவில்லை. தச்சரோடு நானே போய் நின்றேன். மூன்று தடவை போட்டுப் போட்டு இழுத்துப் பார்த்தேன். தச்சர், “போதுங்கண்ணா, பேங்க் லாக்கர் இல்ல இது” என்றார்.

அடுத்த திங்கட்கிழமை மகள் செய்தி வாசித்தாள். உலகச் செய்தி ஒன்று, மாநிலச் செய்தி ஒன்று, விளையாட்டுச் செய்தி ஒன்று. அப்புறம், நான் சொல்லிக் கொடுக்காமலே, ஒரு நிறுத்தம் கொடுத்து, நிமிர்ந்து: “பள்ளிச் செய்தி. மாணவியர் கழிவறையின் கடைசிக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடப்பட்டது.”

பெண்கள் வரிசை முழுக்கக் கைதட்டியதாம். பையன்களுக்கு விஷயம் புரியாமல், தட்டுகிறார்களே என்று அவர்களும் தட்டினார்களாம்.

தாழ்ப்பாள் 85 ரூபாய். ஸ்க்ரூ தனி.