டிக்கெட்டை மூடுவது யார்?
அரியூர்த் ‘தம்பி’ குறித்த ஒரு சிற்றாய்வு

1. ஆய்வின் தேவை

ஊர்ப் பணியாளர்களைப் பற்றி நம் ஆய்வுலகம் எழுதாத ஏடில்லை. நாட்டாமை, தலையாரி, நீர்பாய்ச்சி, கணக்கப்பிள்ளை என ஒவ்வொருவருக்கும் ஒரு முனைவர் பட்டமாவது உண்டு. ஆனால் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஊர்தோறும் முளைத்துவிட்ட ஒரு புதிய பதவி இன்னும் எவர் கண்ணிலும் படவில்லை. இதற்கு அரசாணை இல்லை, சம்பளம் இல்லை, ஞாயிற்றுக்கிழமை இல்லை, ராஜினாமாவும் இல்லை. “தம்பி, இதக் கொஞ்சம் பாரு” என்று ஒருவர் கைப்பேசியை நீட்டுகிற கணத்தில் நியமனம் முடிந்துவிடுகிறது. பதவி வகிப்பவரை இவ்வாய்வு ‘தம்பி’ என்றே சுட்டும்.

இப்பதவிக்கு ஒரே தகுதி, கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பது. என்ன வேலை என்பது கேட்கப்படுவதில்லை. வங்கிக் கணக்கு முடங்கினாலும், டிவி பெட்டியில் படம் உறைந்தாலும், புது மிக்ஸி சுற்றாவிட்டாலும் ஆள் ஒருவரே. இக்கட்டுரையாளர் சென்னை நிறுவனம் ஒன்றுக்காக வீட்டு மாடியில் உட்கார்ந்து மென்பொருளைச் சோதிப்பவர். ஆகவே அரியூரின் தம்பிகளில் ஒருவர். ஆய்வாளரும் ஆய்வுப்பொருளும் ஒருவரே என்பதால் நடுநிலை குறித்து ஐயம் எழலாம். எழட்டும்.

கருதுகோள் இது: ஒரு வேலை முடிந்தது என்று சொல்லும் உரிமை, அதைச் செய்து கொடுப்பவரிடமே இருக்கும்வரை அந்த வேலை முடிவதில்லை.

2. ஆய்வுக்களம்

அரியூர், புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் போகும் சாலையில், வில்லியனூர் கொம்யூனில் உள்ளது. மருத்துவக் கல்லூரியைச் சொன்னால் வெளியூர்க்காரருக்குத் தெரியும். சர்க்கரை ஆலையைச் சொன்னால் பழைய ஆட்களுக்குத் தெரியும். மேற்கே கொஞ்சம் போனால் கண்டமங்கலம், அது தமிழ்நாடு. புதுச்சேரி நிலம் துண்டு துண்டாகக் கிடப்பதும், நடுநடுவே தமிழ்நாடு புகுந்து வெளியேறுவதும் இங்கே பிறந்தவருக்குப் பழகிப்போனவை. மென்பொருளுக்குத்தான் பழகவில்லை.

காரணங்கள் மூன்று. முதலாவது, 1972-இல் வந்த அஞ்சல் குறியீட்டு எண். 605 என்று தொடங்கும் எண்கள் புதுச்சேரிக்கும் உண்டு, விழுப்புரத்துக்கும் உண்டு. படிவத்தில் எண்ணைப் போட்டதும் ‘மாநிலம்: தமிழ்நாடு’ என்று தானே நிரப்பிக்கொண்டு, மாற்றப் போனால் கையைத் தட்டிவிடும் செயலிகள் உண்டு. இரண்டாவது, 2006-இல் பாண்டிச்சேரி என்ற பெயர் சட்டப்படி புதுச்சேரி ஆனது. ஒரு சான்றிதழில் பழைய பெயர், இன்னொன்றில் புதுப்பெயர் என்றிருந்தால் இருவரும் வேறு வேறு ஆள் என்று கணினி முடிவு கட்டிவிடும். மூன்றாவது, வேலூர்ப் பக்கத்திலும் ஓர் அரியூர் இருக்கிறது. இங்கே வரவேண்டிய மிக்ஸி ஜார் அங்கே போய் நின்றால் அதை வழிநடத்திக் கொண்டுவருவதும் தம்பியின் கடமை.

இம்மூன்றின் கூட்டுத்தொகையே களத்தில் தம்பிக்கு உள்ள வேலைவாய்ப்பு.

3. தரவுகளும் வகைப்பாடும்

திண்ணையிலும் டீக்கடையிலும் பொதுச் சேவை மைய வாசலிலும் திரட்டிய தரவுகள் நான்கு வகையில் அடங்குகின்றன.

3.1 ரகசிய வகை

அட்டை எண்ணை மட்டும் வைத்து இணையத்தில் பணம் எடுத்துவிடக் கூடாது, கூடுதலாக ஒரு சரிபார்ப்பு வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009-இல் கட்டாயமாக்கியது. நல்ல விதி. அதன் வழியே வீட்டுக்கு வீடு வந்து சேர்ந்தது ஓடிபி. இதன் இலக்கணம்: ஒருவருக்கு மட்டுமே தெரியவேண்டும், சில நிமிடங்களில் செத்துவிடும்.

நடைமுறை வேறு. ஊரார் ‘ஆயா’ என்றழைக்கும் பாட்டி ஒருவரின் வங்கிக் கணக்கில் பதிவான கைப்பேசி எண் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் மகனுடையது. ஓடிபி அவனுக்குப் போகிறது. அவன் தையல் மிஷின் இரைச்சலில் போனை எடுத்து, ஆறு இலக்கத்தையும் உரக்கக் கத்துகிறான். ஸ்பீக்கரில் வந்ததை ஆயா திரும்பக் கத்துகிறார், மாடியிலிருக்கும் தம்பிக்குக் கேட்க வேண்டுமே. தெருமுனையில் கோலமாவு விற்பவர் ஐந்தாவது இலக்கத்தைத் திருத்திச் சொல்கிறார். செய்தியின் கடைசி வரி ஆங்கிலத்தில் இருப்பதால் அதைத் தமிழில் சொல்வதும் தம்பியின் வேலைதான்.

“இத யாருகிட்டயும் சொல்லக் கூடாதாம் ஆயா.”

“சரி, நீ யாருகிட்டயும் சொல்லிடாத.”

அறியலாவது: ரகசியம் என்பது வங்கியின் கணக்கில் ஓர் ஆள், அரியூரின் கணக்கில் நம்பிக்கையானவர்கள் எத்தனை பேரோ அத்தனை பேர். இந்த இடைவெளியில்தான் திருடனும் நுழைகிறான், ஏமாந்தவர் இணையக் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்ய வேண்டியதாகிறது. குற்றம் ஆயாவுடையதா, ஆயா தனியாக இருப்பார் என்று நினைத்து வரைந்தவருடையதா என்பது தனி ஆய்வுக்குரியது.

3.2 ரேகை வகை

ரேஷன் மானியத்தை அரிசியாகத் தராமல் வங்கிக் கணக்கில் பணமாகப் போடும் முறை 2015 செப்டம்பரில் சண்டிகரிலும் புதுச்சேரியிலும் தொடங்கியது. படியில் அளந்த அரிசியைக் கண்ணால் பார்க்கலாம், குறைந்தால் சண்டை போடலாம். குறுஞ்செய்தியாக வரும் அரிசியை யாராவது படித்துச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு எடுக்க வேண்டும். எடுக்க ரேகை வேண்டும்.

ரேகை மிஷின் சோப்புக்கட்டியில் பாதி அளவுதான், கண்ணாடியில் ஒரு சிவப்பு வெளிச்சம். ஆயா கட்டை விரலை வைக்கிறார். ஏற்கவில்லை. முந்தானையில் துடைத்து மறுபடி வைக்கிறார். ஏற்கவில்லை. வங்கி முகவர் நனைந்த பஞ்சை நீட்டுகிறார். “நல்லா அழுத்து ஆயா.” அழுத்துகிறார், நகம் வெளுக்கிறது. மிஷின் ‘மீண்டும் முயல்க’ என்கிறது. நாற்று நட்டு, களை பறித்து, புளி தட்டிக் கொட்டை எடுத்து, உழைத்த ஆண்டுகள் முழுக்க அந்த விரலின் கோடுகளைத் தேய்த்து எடுத்துவிட்டன. ஆள் எதிரே உட்கார்ந்திருக்கிறார்; ஊரே சாட்சி. ஆனாலும் அவர் அவர்தான் என்பது நிரூபணமாகவில்லை. கடைசியில் இடது கை மோதிர விரல் ஏற்கிறது. “அப்பாடா, அந்தப் பக்கமாவது நான் நானாத்தான் இருக்கேன்” என்கிறார் ஆயா. இவ்வாய்வுக்குக் கிடைத்த தத்துவ நோக்கிலான ஒரே தரவு இது.

3.3 செய்தி வகை

“இது நெசமா தம்பி?” என்று தொடங்குபவை அனைத்தும் இவ்வகை. வாட்ஸாப் நிறுவனம் 2018-இல் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் கடத்த முடியாதபடி செய்தது. வதந்தியால் கொலைகளே நடந்த ஆண்டு அது. அரியூரில் இதன் விளைவு: பெரியம்மாக்கள் ஐந்தைந்தாகப் பலமுறை அனுப்பக் கற்றுக்கொண்டார்கள்.

தொலைக்காட்சி இதே வகையின் மூத்த கிளை. 1993-இல் சன் டிவி வந்தபோது தமிழனுக்கு மாலையில் பொழுது போனது. பிறகு முழுநேரச் செய்திச் சேனல்கள் வந்து பொழுதே இல்லாமல் போனது. எந்நேரமும் சிவப்புப் பட்டையில் ‘சற்றுமுன்’. ஆனால் அந்தச் சற்று எந்தச் சற்று என்று சொல்வதில்லை. இரவு விவாதத்தில் நான்கு சதுரங்களில் நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள். உச்சத்தில் நெறியாளர், “நேரம் முடிந்துவிட்டதால் இத்துடன் நிறைவு செய்கிறோம்” என்பார். பிரச்சினை முடிந்ததால் அல்ல, நேரம் முடிந்ததால். கருதுகோளுக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

3.4 மூடிய வகை

மென்பொருள் துறையில் ஒரு குறைக்கு ‘டிக்கெட்’ என்று பெயர். திறந்த டிக்கெட்டுகள் எத்தனை, மூடியவை எத்தனை என்பதே மேலாளரின் காலை வழிபாடு. ஆகவே டிக்கெட்டை மூடுவது ஒரு கலை. குறையைத் தீர்த்து மூடலாம். ‘எங்கள் பக்கம் சரியாகத்தான் இருக்கிறது’ என்று மூடலாம். ‘வாடிக்கையாளர் பதிலளிக்கவில்லை’ என்றும் மூடலாம். இவ்வாய்வாளர் மூன்றையும் செய்து சம்பளம் வாங்கியவர்.

அதே கலை வாடிக்கையாளராக நிற்கும்போது கசக்கிறது. மழைக்கு மறுநாள் வீட்டு இணையம் போனது. புகார் கொடுத்ததும் எண் வந்தது. சற்று நேரத்தில் ‘தங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு ஐந்து நட்சத்திரம் வழங்குங்கள்’ என்று செய்தி வந்தது. இணையம் வரவில்லை. கேபிள் அறுந்து புளியமரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. நட்சத்திரம் கொடுக்கவும் இணையம் வேண்டும்.

4. முன்னோடி முயற்சிகள்

தம்பி இல்லாமலே இதெல்லாம் நடக்கும் என்று நம்பாத ஒரு திட்டம் இதே வில்லியனூரில் நடந்திருக்கிறது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் வில்லியனூரை மையமாக வைத்துச் சுற்றியிருந்த ஊர்களில் தகவல் மையங்களைத் திறந்தது. கைப்பேசி அரிதான காலம். வில்லியனூருக்குத் தொலைபேசி வழி இணையம். அங்கிருந்து ஊர்களுக்குக் கம்பியில்லா ரேடியோ. மின்வெட்டைச் சமாளிக்கச் சூரிய மின்தகடு. இடம் கொடுப்பது ஊர். இயக்குவது ஊரே தேர்ந்தெடுத்த தன்னார்வலர்கள், அவர்களில் நிறையப் பேர் பெண்கள். ஏம்பலத்தில் மையம் கோயிலை ஒட்டியே இருந்தது: சாமி இருக்கும் வாசலுக்குள் எல்லோரும் போக முடியாது, கணினி இருக்கும் வாசலுக்குள் யாரும் போகலாம்.

முதலில் ஊராரிடம் என்ன தகவல் வேண்டும் என்று கேட்டார்கள். வீராம்பட்டினத்து மீனவருக்கு வேண்டியது அலையின் உயரம். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வங்கக் கடலுக்கான அலைக் கணிப்பு இருந்தது. அதை வில்லியனூரில் இறக்கி, வீராம்பட்டினத்துக்கு அனுப்பி, அங்கே ஒலிபெருக்கியில் தமிழில் வாசித்தார்கள். உலகின் மிகப்பெரிய கடற்படைகளில் ஒன்றும் கோயில் திருவிழாவுக்குப் பாட்டுப் போடும் குழாயும் ஒரே சேவையின் இரு முனைகள். கடவுச்சொல் இல்லை, பதிவு எண் இல்லை. கணிப்பு தப்பினால் கேட்கப்போவது கடலுக்குப் போய் வந்தவர், கேட்கப்படப்போவது வாசித்தவர், இருவர் வீடும் ஒரே ஊரில்.

2004 டிசம்பர் 26 காலை, நல்லவாடு கிராமத்துக்குச் சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் போன் செய்து கடலைப் பற்றி எச்சரித்தார். ஊரார் தகவல் மையத்தின் கதவை உடைத்து உள்ளே போய் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஊர் தப்பியது. கதவை உடைக்கும் அளவுக்கு அதை அவர்கள் தங்களுடையதாக நினைத்தார்கள் என்பதே இதிலிருந்து இவ்வாய்வு எடுத்துக்கொள்வது.

பிறகு எல்லோர் கையிலும் கைப்பேசி வந்தது. திரை வீட்டுக்கு வந்தது; வாசித்துச் சொல்பவர் நீங்கினார். அந்தக் காலியிடத்தில் தம்பி.

5. எதிர்வாதமும் விடையும்

‘வயதானவர்கள் போன பின் தம்பி தேவைப்படமாட்டார்’ என்பர் ஒருசாரார். பொருந்தாது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை செயலிகள் முகம் மாற்றிக்கொள்கின்றன. இன்றைய தம்பி நாளைய ஆயா.

‘பேசும் மென்பொருள் வந்துவிட்டது, அதுவே பதில் சொல்லும்’ என்பர் மறுசாரார். சோதித்தோம். “வணக்கம், நான் உங்களுக்கு எவ்வாறு உதவலாம்?” என்றது அது. “நீ யாரு வூட்டுப் புள்ள?” என்று கேட்டார் ஆயா. ‘மன்னிக்கவும், புரியவில்லை’ என்று வந்தது. பொறுப்பு யாருடையது என்று கேட்பதற்கு அரியூரில் வழங்கும் கேள்வி அது. புரியாதவரிடம் ஆயா மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

‘அப்படியானால் தொழில்நுட்பமே கூடாதா?’ எனின், கூடும். சான்று டீக்கடை. யூபிஐ 2016-இல் வந்தது. அது ஊரில் நிலைத்தது, கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பேசும் பெட்டி வந்த பிறகுதான். மாஸ்டர் ஒரு கையை உயர்த்தி மறுகையைத் தாழ்த்தி டீ ஆற்றிக்கொண்டிருக்கிறார். பெட்டி, “பதினைந்து ரூபாய் பெறப்பட்டது” என்கிறது. அவர் தலை நிமிர்வதில்லை. கொடுத்தவருக்கும் கேட்டது, வாங்கியவருக்கும் கேட்டது, பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் கேட்டது. முடிந்ததா இல்லையா என்பதில் இருதரப்புக்கும் ஐயமில்லை. பெட்டி பேசாவிட்டால், “சத்தம் வரலையே சார்” என்று மாஸ்டரே சொல்லிவிடுவார். இவ்வகையில் அது வீராம்பட்டினத்துக் குழாயின் பேத்தி.

6. முடிவுகளும் ஊதிய அட்டவணையும்

கருதுகோள் மெய்ப்பிக்கப்பட்டது. நிலைத்த சேவைகளில், முடிந்தது என்று சொல்வதில் வாங்குபவருக்கும் குரல் உண்டு. நிலைக்காதவற்றில் அது கொடுப்பவரின் பொத்தான்.

தம்பிக்கு நடைமுறையில் உள்ள ஊதியம் பின்வருமாறு. ரீசார்ஜ்: நன்றி கிடையாது, அதெல்லாம் ஒரு வேலையா. ஓடிபி: ஒரு டம்ளர் காபி. ஆதாரில் பெயர்ப் பிழை திருத்தம்: முருங்கைக்காய், பருவத்தைப் பொறுத்து. நின்றுபோன உதவித்தொகையை மீட்டல்: நாட்டுக்கோழி முட்டை, கூடவே “நல்லா இருப்ப”. வதந்தியை வதந்தி என்று நிறுவுதல்: ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள்.

பரிந்துரை ஒன்றே. ஒவ்வொரு செயலியிலும் ‘தீர்க்கப்பட்டது’ என்னும் பொத்தானை நிறுவனத்தின் பக்கத்திலிருந்து பெயர்த்து வாடிக்கையாளரின் பக்கம் நட வேண்டும். இதனால் மூடிய டிக்கெட்டுகளின் எண்ணிக்கை சரியும், மேலாளர்கள் வருந்துவர், எங்களில் சிலருக்குப் பதவி உயர்வு போகும். தாங்கிக்கொள்ளலாம். எங்கள் அலுவலகத்தில் டிக்கெட்டை மூடுவது நாங்கள். அரியூரில் மூடுவது ஆயா: பணம் கணக்கில் வந்தது என்று நாலு பேரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளும்வரை அவர் திண்ணையை விட்டு எழுந்திருப்பதில்லை.