முன்கைக் கடுப்பு: எண்ணூர்ச் சாலையை முன்வைத்து ஒரு திணைசார் ஆய்வு

உப்பு விற்கப் போன உமணர்கள் வண்டிக்கு அடியில் சேம அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போன செய்தியைப் புறநானூற்றில் ஔவையார் பதிந்துவைத்திருக்கிறார். மேடு பள்ளத்தில் அச்சு முறிந்தால் மாற்றிக்கொள்ளலாம். வண்டிக்கு இவ்வளவு யோசித்த அந்தப் பாட்டு, கயிற்றை இழுத்துப் பிடித்து ஓட்டியவரின் கை என்ன பாடுபட்டது என்பது பற்றி வாய் திறக்கவில்லை. உரைகாரர்களும் கண்டுகொள்ளவில்லை. நெடுநாள் நீடித்த இந்த ஆய்வு இடைவெளியை நிரப்புவதே இக்கட்டுரையின் பணிவான நோக்கம்.

நோயின் குறிகள் வருமாறு. கரடுமுரடான தடத்தில் சிறிது நேரம் பைக் ஓட்டியதும், முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே உள்ள சதை கல்லாக இறுகும். விரல்கள் மரத்துப்போகும். பிரேக்கைப் பிடி என்று மூளை ஆணையிட்டாலும் விரல் கேட்காது. மோட்டோகிராஸ் வீரர்கள் இதை ‘ஆர்ம் பம்ப்’ என்பார்கள். திருவொற்றியூரில் ஷிப்டு முடிந்து வண்டியெடுப்பவர் ‘கை கடுக்குதுப்பா’ என்பார். முன்னவருக்குத் தடத்தை யாரோ மண் கொட்டிச் செய்துதர வேண்டியிருக்கிறது. பின்னவருக்கு அந்தச் செலவில்லை.

முதலும் கருவும்

ஆய்வுக் களம் ராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான கடலோரம். ஆகவே திணை நெய்தல். அதற்குரிய பெரும்பொழுதும் சிறுபொழுதும் இலக்கணத்தில் உள்ளபடியே. கருப்பொருள்களில் மட்டும் சிறு திருத்தம் தேவைப்படுகிறது. உணவு மீன், அது மாறவில்லை. நாவாய்ப் பறையின் இடத்தில் ஏர் ஹாரன். உப்பு வண்டியின் இடத்தில், துறைமுக வாசலை நோக்கி வரிசைகட்டி நிற்கும் கண்டெய்னர் லாரி.

இக்களத்தைத் தேர்ந்ததற்கு வலுவான காரணம் உண்டு. 1946-ல் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கினார், அது எம்.ஆர்.எஃப். டயராக வளர்ந்து, பின்னாளில் தேசிய மோட்டோகிராஸ் பந்தயங்களுக்குப் பெயரும் கொடுத்தது. 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், அசோக் லேலண்டாகி எண்ணூரில் லாரி செய்தது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து உருவாக்கிய என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூர் ஆலையில் புல்லட் செய்தது. ஆக பைக், அதன் டயர், எதிரே வந்து அதை ஓரங்கட்டும் லாரி என நோய்க்கு வேண்டிய மூன்று காரணிகளும் ஒரே சாலையில் பிறந்திருக்கின்றன. உலகில் வேறெந்த நோய்க்கும் இத்தனை முழுமையான உள்ளூர் உற்பத்தி வாய்த்ததாகத் தெரியவில்லை. நான்காவது காரணியான பள்ளத்தைச் சரிசெய்யும் பொறுப்பு எண்ணூர்-மணலி சாலை மேம்பாட்டுத் திட்டத்திடம் இருந்தது. அது ஆண்டுக்கணக்கில் நிதானமாக நடந்து ஆய்வுக்கு ஒத்துழைத்தது.

நோய் இயங்கும் முறை

விரலை மடக்கும் பெரிய தசைகள் விரலில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து தசைநார்கள் மணிக்கட்டைக் கடந்து விரலுக்குப் போகின்றன. அதனால்தான் ஹேண்டில்பாரைப் பிடிப்பது கை, வலிப்பது முன்கை. இத்தசைகளைச் சுற்றி நீட்சியில்லாத சவ்வுறை ஒன்று இருக்கிறது. வேலை செய்யும் தசையில் ரத்தம் பாய்ந்து அதன் பருமன் 20 விழுக்காடு வரை கூடலாம், உறை விட்டுக்கொடுக்காது. பத்துப் பேர் நெருக்கி உட்கார்ந்த ஷேர் ஆட்டோவில் மேலும் இருவர் ஏறிய நிலை. உள்ளே அழுத்தம் ஏறும். முதலில் நசுங்குவது மெல்லிய சிரைகள். வந்த ரத்தம் திரும்ப வழியில்லாமல் தேங்க, அழுத்தம் இன்னும் ஏறும்.

எவ்வளவு இறுக்கினால் ஆபத்து? ஜெர்மானிய ஆய்வாளர் வால்டர் ரோமெர்ட் 1960-ல் இதற்கு வரைகோடு போட்டார். முழுப் பலத்தில் ஏறத்தாழ 15 விழுக்காட்டுக்குள் பிடித்தால் தசை நெடுநேரம் தாக்குப்பிடிக்கும். பாதிப் பலத்தில் அசையாமல் பிடித்தால் ஏறக்குறைய ஒரு நிமிடம்தான். அந்த 15-கூடத் தாராளம் என்று பின்வந்தவர்கள் சொல்கிறார்கள். பின்னால் கண்டெய்னர் லாரி ஹாரன் அடிக்கும்போது ஒருவர் எத்தனை விழுக்காட்டில் பிடிப்பார் என்பதை ரோமெர்ட் அளக்கவில்லை.

இன்னொரு சூழ்ச்சியும் உண்டு. அதிர்வு பட்டால் தசை தானாகவே சுருங்கும் என்பது 1960-களிலேயே நரம்பியல் ஆய்வாளர்கள் காட்டிய உண்மை. ஒற்றை சிலிண்டர் புல்லட்டின் அதிர்வு கைக்கு ஏறும்போது, ஓட்டுபவர் அறியாமலே பிடி இறுகுகிறது. அந்தத் துடிப்புக்காகவே வண்டி வாங்கியவர்களிடம் இதைச் சொல்லிப் பயனில்லை.

ஒரு மறுப்பு

கை வலுவாக இருந்தால் கடுப்பு வராது என்று வாதிடும் ஒரு தரப்பு உண்டு. அவர்கள் காலையில் எழுந்து டம்பெல்ஸ் தூக்குவார்கள். இக்கருத்து ஏற்புடையதன்று. மோட்டோஜிபி வீரர் டானி பெட்ரோசா 2015-ல் கத்தார் பந்தயம் முடிந்ததும் முன்கை அறுவை செய்துகொண்டு மூன்று பந்தயங்களை விட்டார். ஃபாபியோ குவார்த்தராரோ 2021-ல் ஹெரெஸில் முன்னணியில் ஓடிக்கொண்டிருந்தவர், கை இறுகி 13-ஆம் இடத்துக்கு இறங்கினார். சவ்வுறையைத் திறக்கும் அறுவை செய்துகொண்டு அதே ஆண்டு உலகப் பட்டமும் வென்றார். இவர்கள் சோப்ளாங்கிகள் அல்லர். உறை விரியாதபோது தசையை மட்டும் பெருக்குவது சிக்கலைப் பெருக்குவதே.

இதை வடசென்னை முன்பே அறியும். சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரை பிரித்துக் குத்துச்சண்டை போட்ட ஊர் இது. முட்டியைத் தளர்வாக வைத்துக்கொண்டு குத்து விழும் கணத்தில் மட்டும் இறுக்குவது அக்கலையின் பாலபாடம். எந்நேரமும் முட்டியை இறுக்கி வைத்திருப்பவருக்கு மூன்றாவது ரவுண்டில் கை மேலே வராது.

தடுப்பு முறைகள்

முதலாவது, வண்டியைக் காலால் பிடிப்பது. முழங்கால்களால் டேங்கை அணைத்து, பள்ளம் வரும்போது ஃபுட்ரெஸ்டில் எழுந்து நின்றால் உடலின் எடை காலுக்குப் போய்விடும். கைக்குத் திருப்புகிற வேலை மட்டும் மிஞ்சும். 2015-ல் டக்கார் ராலியில் ஓடிய முதல் இந்தியர் சி. எஸ். சந்தோஷ் 36-ஆம் இடத்தில் முடித்தார். 2024-ல் ஹரித் நோவா ஷெர்கோ டிவிஎஸ் அணிக்காக ராலி-2 பிரிவை வென்றார். இத்தகையோர் கரடுமுரடான நிலத்தில் பெரும்பாலும் நின்றே ஓட்டுகிறார்கள். களத்தில் இதற்கு ஒரு தடை உண்டு: டேங்க் மேல் பிள்ளை, பிள்ளைக்கு முன்னால் பள்ளிப் பை. அணைக்க இடமில்லை.

இரண்டாவது, லீவர். நிமிர்ந்து விரலை நீட்டினால் முன்கையும் விரலும் ஒரே கோட்டில் அமையும்படி லீவரைச் சாய்த்து முடுக்க வேண்டும். மணிக்கட்டு மடங்கினால் தசைக்கு இரட்டை வேலை. கிளட்ச் கேபிளுக்கு எண்ணெய் விட்டால் பாதி நோய் போகும். உப்புக்காற்றில் கேபிள் துருப்பிடிக்கும் ஊரில் இதை மருத்துவமாகவே கருதலாம். ஒன்றிரண்டு விரல் லீவரிலும் மற்றவை பிடியிலும் இருந்தால் போதும். லாரி வரிசையில் சிக்கினால் நியூட்ரலில் போட்டு விரல்களை விரித்து மூடலாம். அதற்கு வேண்டிய நேரம் அங்கே தாராளமாகக் கிடைக்கும்.

மூன்றாவது, உடுப்பு. பஞ்சு வைத்த தடித்த கிரிப் கவர் சொகுசுபோலத் தோன்றும். ஆனால் பிடி பெருத்தால் விரல் முழுதாக மூடாமல் கூடுதலாக இறுக்கும். யூனிஃபார்மின் முழுக்கைப் பட்டனும் இறுகிய வாட்ச் பட்டையும் சவ்வுறைக்கு வெளியே இன்னோர் உறை. கிளம்புமுன் தோளையும் மணிக்கட்டையும் சுழற்றுவதும், தண்ணீர் குடிப்பதும், மூச்சை அடக்காமல் விடுவதும் செலவில்லாத உபாயங்கள்.

ஓய்வெடுத்த பின்னும் மரப்பு விலகாவிட்டால் எண்ணெயும் ஸ்பானரும் உதவா. மருத்துவரைப் பார்க்க வேண்டும். இதற்கும் ஊர் தாண்ட வேண்டியதில்லை. ஆலைகளில் நசுங்கி வந்த கைகளைத் தைத்துத் தைத்தே பேர் பெற்றது ராயபுரத்தை ஒட்டிய ஸ்டான்லி அரசு மருத்துவமனை. அதன் கை அறுவைத் துறையை உருவாக்கியவர் மருத்துவர் ஆர். வெங்கடசாமி. தமிழ்நாட்டின் முதல் இரு கை மாற்று அறுவை 2018-ல் அங்கேதான் நடந்தது.

ஆய்வின் எல்லைகள்

மூவர் செல்லும் வண்டியில் நடுவில் அமர்பவர் இவ்வாய்வில் சேர்க்கப்படவில்லை. அவர் கைக்குப் பிடிக்க ஒன்றும் இல்லாததால் முன்கைக் கடுப்பு வர வாய்ப்பில்லை. அவருக்கு வருவது வேறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 128-ஆம் பிரிவு ஓட்டுபவருக்குப் பின்னால் ஒருவரை மட்டுமே அனுமதிப்பதால், இந்த மாதிரித் தொகுதியிடம் கையொப்பத்துடன் ஒப்புதல் பெறுவதில் நடைமுறைச் சிக்கல் இருக்கிறது.