சோழவரத் தல புராணம்

சோழவரம் என்றால் சென்னைக்காரர்களுக்கு ஏரி. பூண்டி, புழல், செம்பரம்பாக்கம் என்ற அண்ணன்மார்களோடு செய்தித்தாள் மூலையில் தம்பியாக நிற்கும். முழுக் கொள்ளளவு 1,081 மில்லியன் கன அடி, இன்றைய இருப்பு இவ்வளவு என்று சொல்லிவிட்டு அடங்கிவிடும். எங்கள் பக்கத்தில் கதை வேறு. பொன்னேரி, காரனோடை, ஜனப்பன்சத்திரம் வட்டாரத்தில் அறுபதைத் தாண்டிய எந்த ஆம்பளையிடமும் “சோழவரம் ரேஸ்” என்று ஒரு வார்த்தை விட்டுப் பாருங்கள். டீ ஆறிப்போகும். காசும் நீங்கள்தான் கொடுக்க வேண்டிவரும்.

என் தகுதியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்டு வேலை. கார் ஓட்டத் தெரியாது. கார் பந்தயம் பற்றிய என் அறிவு முழுக்க, சானல் மாற்றும்போது கண்ணில் பட்டதும் என் சித்தப்பா வாயிலிருந்து விழுந்ததும்தான். ஆனால் அபிப்பிராயத்துக்குப் பஞ்சமில்லை. விளையாடியவன்தான் விளையாட்டைப் பற்றிப் பேச வேண்டும் என்று சட்டம் போட்டால் தமிழ்நாட்டில் பாதி டீக்கடைகளுக்குப் பூட்டுதான்.

சித்தப்பா பொன்னேரியில் லேத் பட்டறை வைத்திருந்தவர். மனிதர்களை அளக்க அவரிடம் இருந்த ஒரே ஸ்கேல் பிரேக். “ஓட்டிக்கினு எவன் வேணா பூடுவான்டா. எங்க நிறுத்துறான்னு பாரு, அங்கதான் கீது மேட்டரு” என்பார். கிரிக்கெட்காரன், சினிமாக்காரன், மந்திரி, மாப்பிள்ளை, எவனாக இருந்தாலும் அதே ஸ்கேல்தான். இந்தப் புராணத்தில் வரும் தீர்ப்புகளில் முக்கால்வாசி அவருடையவை. மீதிக் கால்வாசி அவர் சொல்ல மறந்தவை.

புராணம் போரில் தொடங்குகிறது. நம் புராணங்கள் எல்லாம் அப்படித்தானே. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் மெட்ராஸில் வந்து இறங்கப்போகிறான் என்று வெள்ளைக்காரனுக்குப் பேதி. 1942 ஏப்ரலில் பட்டணம் மூட்டைமுடிச்சோடு ரயிலேறியது. அந்தப் போர்க்காலத்து ஓடுதளங்களில் ஒன்றுதான் சோழவரத்தில் இருப்பது. ஜப்பான்காரன் வரவில்லை. (ஐம்பத்தாறு வருஷம் கழித்து வந்தான். திருவள்ளூருக்கு. குண்டெல்லாம் இல்லை, காரோடு வந்தான். அந்தக் கதைக்கு வருகிறேன்.)

போர் முடிந்ததும் ஓடுதளம் வெயிலில் சும்மா கிடந்தது. சும்மா கிடக்கும் கெட்டித் தரையில் நாமாக இருந்தால் நெல் காயவைப்போம், மிளகாய் காயவைப்போம். 1953-இல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் என்று ஒன்று பிறந்தது. அதைத் தொடங்கிய கூட்டத்தில் இந்து சந்தோக் ஒருவர். அப்பா பேரில் கார் இருந்த பிள்ளைகள், ஆபீஸ் பேரில் கார் இருந்த துரைகள் எல்லாம் சேர்ந்து சோழவரத்தில் கார் காயவைக்க ஆரம்பித்தார்கள்.

இப்போது நினைத்தால் அந்தத் துணிச்சல் புரிவதில்லை. ஒரு ஃபியட் வாங்கப் பேர் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த நாடு இது. பதிந்தவர் பேரன் பெயருக்கு வண்டி வரும். அப்படி வந்த வண்டியை வாங்கி, சந்தனம் குங்குமம் காய்வதற்குள் பின்சீட்டைக் கழற்றி எறிந்து, பம்பரைக் கழற்றி எறிந்து, சைலன்சரையும் கழற்றிவிட்டு சோழவரத்துக்கு ஓட்டி வருவார்கள். அம்பாசடர் வரும், மெட்ராஸிலேயே செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு வரும். 1955-இல் திருவொற்றியூருக்கு என்ஃபீல்டு வந்த பிறகு புல்லட் பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். எண்பதுகளில் யமஹாவும் இண்ட்-சுசுகியும் வந்து புல்லட்டைத் தாத்தா ஆக்கிவிட்டன.

சித்தப்பா முதன்முதலில் போனது சைக்கிளில், கேரியரில் ஒரு சிநேகிதனை வைத்துக்கொண்டு. விமானம் ஏறிப் பறப்பதற்காகப் போட்ட தரை அது; வளைவு நெளிவெல்லாம் கிடையாது. நேராகப் பிய்த்துக்கொண்டு போய், கடைசியில் சட்டென்று மடங்கித் திரும்ப வேண்டும். சித்தப்பா மொழியில் அது “பிரேக் பரீட்சை”. கூட்டம் நேர்த்தடத்தில் நிற்காதாம், முனையில்தான் குவியுமாம். எவன் மடங்குகிறான், எவன் முந்திரித்தோப்பைப் பார்த்துப் போகிறான் என்று பார்க்க. முந்திரித்தோப்பு அங்கே இருந்ததா என்று நான் கேட்கப் போக, “கதை சொல்றப்ப குறுக்க பேசாத” என்றுவிட்டார்.

காட்சியைவிட அவருக்கு வாசனைதான் நினைவில் நின்றது. ரேஸ் என்ஜின்களுக்கு அப்போது ஆமணக்கெண்ணெய் கலந்த ஆயில் ஊற்றுவார்கள். புகை வந்தால் விளக்கெண்ணெய் வாடை. மாதம் ஒருமுறை பாட்டி மூக்கைப் பிடித்து விளக்கெண்ணெய் புகட்டி வளர்த்த தலைமுறை அது. “அத்த குடிச்சா மனுசனே நிக்காம ஓடுவான். வண்டி ஓடாதா?” என்பார். மோட்டார் விஞ்ஞானத்தை இவ்வளவு சுருக்கமாக விளக்கிய இன்னொருவரை நான் பார்த்ததில்லை.

எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் சோழவரத்துக்கு ராஜயோகம். நிஜமாகவே ராஜா. குஜராத்திலிருந்து கோண்டல் ராஜவம்சத்தார் கார் எடுத்து வந்தார்கள். கோயம்புத்தூரிலிருந்து லட்சுமி மில்ஸ் குடும்பத்து கரிவர்தன். பெங்களூரிலிருந்து விஜய் மல்லையா. மல்லையா கொண்டுவந்தது என்சைன் என்ற சீமை ஃபார்முலா கார். நாம் ஃபியட்டுக்கு டைனமோ கிடைக்காமல் தவித்த காலத்தில் அவர் அதை இறக்கிவிட்டார். கிராமத்துக் கபடிக்கு இரும்புக்கவசம் போட்டுக்கொண்டு வந்ததுபோல என்று நான் சொல்வேன். சித்தப்பா அவ்வளவு கோபப்பட மாட்டார். “பையன் நல்லா ஓட்டுவான்டா. அதுல ஒண்ணும் குறை சொல்ல முடியாது” என்று இழுப்பார். பிரேக் பற்றி மட்டும் வாய் திறக்க மாட்டார். மல்லையா 2016 மார்ச் 2-ஆம் தேதி நாட்டை விட்டுக் கிளம்பி லண்டன் போய்ச் சேர்ந்த செய்தி வந்த அன்றுதான் திறந்தார்: “நான் சொல்லல?” அவர் சொல்லவே இல்லை. ஆனாலும் நான் தலையாட்டினேன்.

சித்தப்பாவின் கதாநாயகன் கரிவர்தன். காரணம் எளிது. காசுள்ளவன் சீமையிலிருந்து கார் வாங்குவான். கரிவர்தன் உட்கார்ந்து கார் செய்தார். மாருதி 800 என்ஜினை எடுத்து ஒற்றை ஆள் உட்காரும் பந்தயக் காரில் வைத்தார். ஃபார்முலா மாருதி பிறந்தது. மளிகை வாங்கப் போகிற வண்டியின் இதயத்தைப் பிடுங்கி ரேசில் ஓடவிட்ட மனிதர் என்றால் ஒரு லேத் பட்டறைக்காரர் கும்பிடாமல் என்ன செய்வார்? கோவைப் பந்தயத் தடத்துக்கு இன்று அவர் பெயர்தான்.

1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே 3.717 கிலோமீட்டரில் தடம் வந்தது. நல்ல தடம், நல்ல வளைவுகள், ஒழுங்கு, பாதுகாப்பு. சோழவரம் அத்தோடு முடிந்தது. சைக்கிளில் போய்ப் பார்க்கிற தூரத்தில் இருந்த ரேஸ், பூந்தமல்லி தாண்டிப் போய்விட்டது. எங்கள் வட்டாரத்துக்கு மிஞ்சியது ஏரி.

இனி உத்தர காண்டம். நாயகன் நரேன் கார்த்திகேயன், கோவைப் பையன், ஃபார்முலா மாருதி ஓட்டி ஆரம்பித்தவர். 2005-இல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அந்த ஜூன் 19, அமெரிக்காவில் இண்டியானாபோலிஸ். வெள்ளிக்கிழமைப் பயிற்சியிலேயே ஒரு மிஷெலின் டயர் கைவிட்டு ரால்ஃப் ஷூமாக்கர் சுவரில் போய் மோதினார். எங்கள் டயர் அந்த வளைவைத் தாங்காது என்று மிஷெலினே ஒப்புக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை மிஷெலின் போட்ட பதினான்கு கார்களும் ஒரு சுற்று வந்து, பந்தயம் தொடங்கும் முன்பே கொட்டகைக்குள் நுழைந்துவிட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் போட்ட ஆறு கார் மட்டும் ஓடியது. நரேன் நான்காவது. ஐந்து புள்ளி.

அன்றைக்கு எங்கள் வீட்டில் பெரிய சண்டை. “ஆறு பேர் நிக்கிற ரேஷன் கடை கியூவுல நாலாவதா நின்னா சாதனையா?” என்றேன் நான். சித்தப்பாவுக்கு மூக்கு சிவந்துவிட்டது. “கியூவுல நின்னான் பாரு, அது சாதனை. மத்தவன்லாம் பையைத் தூக்கிக்கினு பூட்டான்” என்றார். இருபது வருஷம் கழித்து யோசித்தால் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. பந்தயத்தை விட்டுப் போகாமல் எழுபத்திரண்டு சுற்று ஓடி, கடைசியில் ஒழுங்காக நிறுத்தியிருக்கிறார் பையன். அவரிடம் தோற்ற இரண்டு பேரும் நிஜமான ஆட்கள்தான்.

இங்கேதான் புராணம் திரும்பவும் எங்கள் தாலுகாவுக்குள் நுழைகிறது. அதே மிஷெலின் 2009-இல் தமிழ்நாடு அரசோடு ஒப்பந்தம் போட்டு, கும்மிடிப்பூண்டி பக்கம் தேர்வாய் கண்டிகைக்கு வந்து சேர்ந்தது. மேய்ச்சல் நிலம் போகிறதே என்று ஊர் ஜனம் போராடியது, தொழிற்சாலை எழும்பிவிட்டது. லாரி டயர், பஸ் டயர் செய்கிறார்கள். “அன்னிக்கி இவன் டயர் ஓடியிருந்தா நம்ம பையனுக்கு அஞ்சு பாயிண்டு கிடைச்சிருக்குமா? ஒரு மாலை வாங்கிக் குடுத்துட்டு வா” என்றார் சித்தப்பா. போகவில்லை. செக்யூரிட்டிக்கு என்ன காரணம் சொல்வது?

நரேன் ஓட்டிய ஜோர்டான் அணி கைமாறிக் கைமாறி மிட்லாண்டு ஆகி, ஸ்பைக்கர் ஆகி, 2008-இல் ஃபோர்ஸ் இந்தியா ஆயிற்று. அப்போது வாங்கியவர் யார்? நம் சோழவரத்துப் பையன் மல்லையா. பெயரில் இந்தியா, வண்டியில் மூவர்ணம். பந்தயத்தில் ஓட்டும் இருக்கையில் ஒரு இந்தியன்கூடக் கடைசிவரை உட்காரவில்லை. இந்து சந்தோக்கின் பேரன் கருண் 2010-இல் ஃபார்முலா ஒன் ஓட்டினார், வேறு அணிக்கு. அணி 2018-இல் நொடித்து வேறு கைக்குப் போய், இப்போது ஆஸ்டன் மார்ட்டின்.

2011-இல் கிரேட்டர் நொய்டாவில் இந்திய கிராண்ட் பிரி நடந்தபோது முதல் பயிற்சியிலேயே ஒரு தெருநாய் தடத்தில் ஓடியது. உலகமே சிரித்தது, எனக்குச் சொந்த ஊரைப் பார்த்த மாதிரி இருந்தது. இது விளையாட்டல்ல, கேளிக்கை, ஆகவே கேளிக்கை வரி கட்டு என்றது உத்தரப் பிரதேச அரசு. மூன்று வருஷத்தோடு கடை மூடியாயிற்று. சென்னை மட்டும் லேசா? தீவுத்திடல் தெருப் பந்தயத்துக்கு 2023 டிசம்பரில் நாள் குறித்தார்கள். மிக்ஜாம் புயல் வந்தது, ஊரில் முதலில் ஓடியது படகு. கார் ஓடியது 2024-இல்.

ஜப்பான்காரன் பாக்கி இருக்கிறான். 1998-இல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் திருவள்ளூரில் மிட்சுபிஷி லான்சர் செய்ய ஆரம்பித்தது. போரில் ஜீரோ விமானம் செய்த அதே மிட்சுபிஷி வம்சம். அந்தச் சமயத்தில் உலக ராலியில் லான்சர்தான் ராஜா. டாமி மாக்கினென் என்ற ஃபின்லாந்துக்காரர் 1996 முதல் 1999 வரை நான்கு வருஷம் தொடர்ந்து சாம்பியன். பனியிலும் சகதியிலும் பறந்த வண்டியின் தம்பியை வாங்கி நம் ஆட்கள் என்ன செய்தார்கள்? வீரராகவர் கோயில் வாசலில் மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, மாப்பிள்ளை அழைப்புக்கு முதல் கியரில் ஓட்டினார்கள். சீட்டு பாலித்தீனைக்கூடக் கிழிக்கவில்லை.

2017-இல் அந்தத் தொழிற்சாலை பிரெஞ்சுக்காரன் கூட்டுக்குள் போனது. இப்போது அங்கே சிட்ரோயன். ராலியில் செபாஸ்டியன் லோப் 2004 முதல் 2012 வரை ஒன்பது முறை உலக சாம்பியன் ஆனதும் சிட்ரோயனில்தான். ஆக, உலக ராலியின் இரண்டு பெரிய ராஜாக்களின் பெயர்கொண்ட வண்டி இரண்டும் திருவள்ளூர் கேட்டைத் தாண்டித்தான் வெளியே வந்திருக்கிறது. மான்டே கார்லோவில் இப்படி ஒன்று நடந்திருந்தால் மியூசியம் கட்டியிருப்பார்கள். நம் ஊரில் பலகைகூடக் கிடையாது. சிட்ரோயனுக்கு விளம்பரத் தூதர் தோனி. அவர் ஒரு தல. இன்னொரு தல, என்னை அப்படிக் கூப்பிடாதீர்கள் என்று 2021 டிசம்பரில் கேட்டுக்கொண்ட அஜித். அவர் அணி 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாவதாக வந்தது. அன்றைக்கு எங்கள் ஷிப்டில் டயருக்கும் டியூபுக்கும் வித்தியாசம் தெரியாதவன்கூட ‘பிட் ஸ்டாப்’ என்று பேசினான். இருக்கட்டும். ஐம்பதைத் தாண்டிய மனிதர், படம் ஓடுமா என்று கவலைப்படாமல் வண்டி ஓட்டுகிறார். என் ஓட்டு அவருக்கே. பிரேக்கும் நன்றாகத்தான் போடுகிறார்.

ஆனால் உண்மையான ரேஸ் பார்க்க வேண்டுமென்றால் துபாய் போக வேண்டியதில்லை. ஷிப்டு மாறும் நேரத்தில் கவரைப்பேட்டைக்கும் நல்லூர் டோல்கேட்டுக்கும் நடுவில் நின்று பாருங்கள். கம்பெனி பஸ், கன்டெய்னர், ஏழு பேர் ஏற்றிய ஷேர் ஆட்டோ, நடுவில் மாடு. யாருக்கும் ஸ்பான்சர் கிடையாது, ஹெல்மெட்டும் பாதிப் பேருக்கு டேங்க் மேல்தான்.

சோழவரத்துக்குப் போக ஆசைப்பட்டால் ஓடுதளத்துக்குள் விடமாட்டார்கள், ராணுவ நிலம். ரோட்டிலிருந்து அந்தத் திசையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொள்ளலாம். செங்குன்றத்தில் பஸ் ஏறும்போதே கண்டக்டரிடம் இரண்டு தடவை சொல்லிவையுங்கள். இல்லாவிட்டால் காரனோடைப் பாலம் தாண்டித்தான் பிரேக் பிடிப்பார்கள்.