கறிவேப்பிலைக்கு வந்த கண்டம்

ஆஸ்டின், டெக்சாஸ்.

அன்புள்ள மாமாவுக்கு,

போன்ல சொல்லியிருக்கலாம். ஆனா அத்தை ஸ்பீக்கரைப் போட்டுடுவாங்க, செம்மண்டலம் பூரா சிரிக்கும். அதனாலதான் கடுதாசி.

என் கறிவேப்பிலைச் செடி போச்சு மாமா. நாலு வருஷம் வளர்த்தது. குளிர் வந்தா கைக்குழந்தை மாதிரி வீட்டுக்குள்ள தூக்கி வெச்சுக் காப்பாத்தினது. ராத்திரி தளதளன்னு நின்னுச்சு, காலையில பார்த்தா வெறும் ஈர்க்கு. ஆடு மேய்ஞ்சிருக்கும்னு நினைச்சேன். இந்த ஊர்ல ஆட்டுக்கு நான் எங்க போவேன்?

மறுநாள் ராத்திரி டார்ச் அடிச்சுக் காவல் இருந்தேன். செம்பருத்தியிலேர்ந்து வேலி வரைக்கும் ஒரே ஊர்வலம். ஒவ்வொரு எறும்பு தலைக்கு மேலயும் ஒரு இலைத்துண்டு, பச்சைக் குடை பிடிச்சாப்பல. சிதம்பரம் கீழவீதியில தேர் அன்னிக்குக் கூட்டம் போகுமே, அதே மாதிரி. ஆனா தள்ளுமுள்ளு கிடையாது. சில இலை மேல ஒரு பொடி எறும்பு உக்காந்து சவாரி பண்ணுது. வித்அவுட் கேஸுன்னு நினைச்சேன். அது காவலாம். சுமக்கிறவ மேல முட்டை வைக்க ஒரு ஈ சுத்துமாம், அதை விரட்டற உத்தியோகம். பூவையும் விடலை. வண்டு தொடறதுக்கு முன்னாடி பூப்பறிக்கணும்னு புலிக்கால் வாங்கினாரே நம்ம முனிவர், அவரே வந்தாலும் இந்த வீட்டுல வெறுங்கையோடதான் திரும்பணும்.

இதுல பெரிய கூத்து, இவ்வளவு இலையும் அதுங்க திங்கறதுக்கு இல்லையாம். வெட்டும்போது கொஞ்சம் சாறு உறிஞ்சிக்கும், அவ்வளவுதான். மிச்சத்தைப் பூமிக்குள்ள கொண்டு போய், மென்னு கூழாக்கி, அது மேல ஒரு பூஞ்சக்காளானை வளர்க்குது. புழுக்குஞ்சுகளுக்கு அந்தக் காளான்தான் சோறு. அதாவது, என் கறிவேப்பிலை தழையுரம்! விவசாயம் வேண்டாம்னு ஓடி வந்தவனைத் தேடி வந்து பயிர் வைக்குது பாருங்க.

இதை முதல்ல சரியா ஊகிச்சவர் தாமஸ் பெல்ட்டுன்னு ஒரு வெள்ளைக்காரர். நிகராகுவாவுல தங்கச் சுரங்கம் பார்க்கப் போன இன்ஜினியர். அவர் தோட்டத்தையும் இதுங்க மொட்டை அடிச்சிருக்கு. கார்பாலிக் அமிலத்தைப் பொந்துக்குள்ள ஊத்திப் பார்த்தாராம். வயிறெரிஞ்சு கவனிச்சதை 1874-ல புத்தகமாவே போட்டுட்டார். எனக்கு ஒரு கடுதாசி அளவுக்குத்தான் வயிறெரியுது.

புதுசா ராணி பறந்து போகும்போது, தாய்வீட்டுக் காளான்ல ஒரு துளியை வாய்க்குள்ள ஒரு பையில அடக்கிக்கிட்டுத்தான் கிளம்புமாம். மாமியார் வீட்டுல தயிர் நல்லா இருக்காதுன்னு மஞ்சக்குப்பத்துலேர்ந்து உறைமோர் எடுத்துட்டுப் போன உங்க தங்கச்சி மாதிரி. ஒரு துளி உறை, ஒரே ராணி, வருஷம் போகப் போக இருபது லட்சம் எறும்பு. நம்ம கடலூர் டவுனைப் போல பல மடங்கு. புத்து பதினைஞ்சு, இருபது அடி ஆழம் போகுதாம், மணல் பாங்கான மண்ணுன்னா கொண்டாட்டம்.

நம்ம கொல்லைப் புத்துக்கு ஆயா பால் ஊத்துவாங்களே, மழை விட்டதும் அதுல வெள்ளையாக் காளான் வருமே, அதுவும் இதே தொழில்தான். அங்க கறையான் பயிர் வைக்குது, இங்க எறும்பு.

சரி, ஒழிக்கலாம்னு கிளம்பினேன். தீயெறும்புக்குப் போடற குருணையை வாங்கித் தூவினேன். ரேஷன் அரிசியைப் பார்க்கற மாதிரி பார்த்துட்டு ஒதுங்கிப் போயிடுச்சு. எண்ணெயில ஊறின சோளக் குருணை அதுங்களுக்கு எதுக்கு? பிரேசில்ல ஆரஞ்சுச் சக்கையில சல்ஃப்ளுரமிட் மருந்தைக் கலந்து வைக்கறாங்க, அதுதான் சரியான தூண்டில். மருந்தும் மெல்ல வேலை செய்யணும். தூக்கிட்டுப் போறவளே வழியில செத்தா ராணி வரைக்கும் போய்ச் சேராது. இன்னொண்ணு, கொண்டு போன சரக்கு காளானுக்கு ஆகலைன்னா அப்புறம் வாரக்கணக்குல அதைத் தொடவே தொடாது. நம்ம உரக்கடைக்காரருக்கு இப்படி ஒரு வாடிக்கைக்காரர் போதும், கடையை மூடிடுவார்.

மாமா, உங்க பண்ருட்டி முந்திரிக்குப் பிறந்த வீடு பிரேசில்தானே. போர்ச்சுகீசியர் முந்திரியைக் கொண்டு வந்தாங்க, இந்த எறும்பை அங்கயே விட்டுட்டாங்க. அவங்க பண்ணின ஒரே புண்ணியம். அமெரிக்கக் கண்டத்தைத் தவிர வேற எங்கயும் இது கிடையாது. இருந்திருந்தா, 2011 டிசம்பர் 30-ல தானே புயல் வந்து தோப்பைச் சாய்ச்சதுக்கு மேல வருஷா வருஷம் சத்தமே இல்லாம இது வேற. அதனால தோப்புல முசுறு கடிச்சா இனிமே திட்டாதீங்க. அது உங்க மரத்துல தேயிலைக்கொசுவைப் பிடிச்சுத் திங்கற எறும்பு, நம்ம கட்சி.

அத்தைகிட்ட கறிவேப்பிலைப் பொடி அரைச்சு அனுப்பச் சொல்லுங்க. செடி அடியில ரெண்டு துளிர் விட்டிருக்கு. தொட்டியைச் சுத்தி வாஸ்லின் தடவி வெச்சிருக்கேன்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்.

பி.கு.: ஆயாகிட்ட மட்டும் சொல்லாதீங்க. புத்துக்குப் பால் ஊத்தச் சொல்லுவாங்க. நேத்து ராத்திரியே ஊத்திட்டேன்.